பச்சிளம் பிள்ளைக்கு நாக்கு ஒட்டு: எப்போது வெட்டலாம், எப்போது விட்டுவிடலாம்?



பிள்ளை பிறந்த வீட்டில் பார்க்க வருகிறவர்கள் சொல்லிவிட்டுப் போகும் பேச்சுகளில் ஒன்று, "நாக்கு ஒட்டியிருக்கே, இப்பவே வெட்டி விட்டிருங்க, இல்லேன்னா பேச்சு வராது" என்பது. பேறு பார்த்த உம்மாவுக்கு அன்றிலிருந்து தூக்கம் போய்விடும். பிள்ளையின் வாயைப் படம் எடுத்து கொழும்புக்கும் துபாய்க்கும் ஹாங்காங்கிற்கும் அனுப்புவார்கள். அங்கே இருக்கும் வாப்பாவும் படத்தைப் பார்த்துப் பயந்து, "உடனே டாக்டரிடம் கொண்டுபோய் வெட்டிருங்க" என்பார். இன்னொரு வீட்டிலோ, பால் குடிக்க முடியாமல் பிள்ளை மெலிந்துகொண்டே போகும். "எல்லாம் தானாகச் சரியாகும்" என்று வாரங்களைக் கடத்துவார்கள்.

இரண்டிலுமே பிள்ளைக்குத்தான் நஷ்டம். எந்தப் பிள்ளைக்குச் சிகிச்சை தேவை, எந்தப் பிள்ளையைத் தொடாமல் விடலாம் என்பதைக் குடும்பத்தார் புரிந்துகொள்வதற்காக இந்தப் பாடத்தைத் தருகிறோம். மருத்துவரிடம் போக வேண்டாம் என்பதற்காக அல்ல. போகும்போது எதைச் சொல்ல வேண்டும், எதைக் கேட்க வேண்டும் என்பதற்காக.

நாக்கு ஒட்டு என்றால் என்ன?

நாக்கைத் தூக்கிக் கண்ணாடியில் பாருங்கள். நாக்கின் அடியிலிருந்து வாயின் தரை வரை நடுவில் மெல்லிய சவ்வு ஒன்று தெரியும். எல்லா மனிதருக்கும் அது உண்டு. கரையில் கட்டிய வள்ளத்தின் கயிறு நீளமாக இருந்தால் வள்ளம் அலையோடு ஏறி இறங்கும். கயிறு குட்டையாக இருந்தால் இழுத்துப் பிடித்துக்கொள்ளும். அதுபோல இந்தச் சவ்வு குட்டையாகவோ, தடித்தோ, நாக்கின் நுனி வரை வந்தோ இருந்து, அதனால் நாக்கின் அசைவு குறைந்தால் அதை நாக்கு ஒட்டு என்கிறோம். மருத்துவமனையில் 'டங் டை' என்பார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது 'அசைவு குறைந்தால்' என்ற சொல். சவ்வு கண்ணுக்குத் தெரிகிறது என்பதே நோயல்ல. நாக்கு செய்ய வேண்டிய வேலையைச் செய்ய முடியாமல் போனால்தான் அது பிரச்சினை.

அளக்கும் முறைக்கு ஏற்ப, 100 குழந்தைகளில் சுமார் 4 முதல் 10 பேருக்கு நாக்கு ஒட்டு இருப்பதாகப் பல கணக்குகள் சொல்கின்றன. ஆண் குழந்தைகளிடம் சற்று அதிகம். ஒரே குடும்பத்தில் பலருக்கு இருப்பதும் உண்டு. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் கழகம் 2024-ல் வெளியிட்ட அறிக்கையின்படி, நாக்கு ஒட்டின் அடையாளங்கள் உள்ள குழந்தைகளில் பாதிக்கும் குறைவானவர்களுக்கே பால் குடிப்பதில் சிரமம் வருகிறது. மற்றவர்கள் அந்தச் சவ்வோடேயே நன்றாகக் குடித்து வளர்கிறார்கள்.

கைக்குழந்தை: நாக்கைப் பார்க்கும் முன் பால் குடிப்பதைப் பாருங்கள்

பிறந்த பிள்ளைக்கு நாக்கின் முதல் வேலை பால் குடிப்பது. காம்பை மட்டும் சப்பினால் பால் வராது. காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும் பகுதியும் பிள்ளையின் வாய்க்குள் போக வேண்டும். நாக்கு கீழ் ஈறைத் தாண்டி முன்னே வந்து, மார்பை அணைத்துப் பிடித்து, அலைபோல் அசைந்து பாலை இழுக்கும். அது முடியாத பிள்ளை ஈறால் கடித்துக் குடிக்கப் பார்க்கும். அப்போது இவற்றைக் காணலாம்:

• பால் கொடுக்கும் நேரம் முழுவதும் உம்மாவுக்குத் தாங்க முடியாத வலி. காம்பில் வெடிப்பு, புண்.
• குடித்து முடித்ததும் காம்பு நசுங்கி, ஒரு பக்கம் சரிவாகத் தெரிவது.
• குடிக்கும்போது 'டக், டக்' என்ற ஓசை. பிடி அடிக்கடி நழுவுவது.
• மணிக்கணக்கில் மார்பிலேயே இருந்தும் பசி தீராமல் அழுவது, அல்லது சோர்ந்து தூங்கிவிடுவது.
• எடை கூடாமை.

இவற்றுள் எடைதான் பொய் சொல்லாத சாட்சி. பிறந்த முதல் சில நாட்களில் எடை கொஞ்சம் குறைவது இயல்பு. 10 முதல் 14 நாட்களுக்குள் பிறந்த எடைக்குத் திரும்பிவிட வேண்டும். அதன்பின் முதல் மூன்று மாதங்களில் நாளொன்றுக்கு ஏறக்குறைய 25 முதல் 30 கிராம் கூட வேண்டும். முதல் வாரம் முடியும்போது ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் சிறுநீர் கழிக்க வேண்டும். இவை சரியாக இருந்து, உம்மாவுக்கும் வலி இல்லையென்றால், நாக்கு ஒட்டியிருப்பதாக யார் சொன்னாலும் கவலைப்பட வேண்டாம். எடை பார்த்ததைத் தடுப்பூசி அட்டையில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப் படத்தைவிட அந்த எண்கள் மருத்துவருக்கு அதிகம் சொல்லும்.

மேலே சொன்ன அடையாளங்கள் இருந்தாலும் நாக்குதான் காரணம் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. பிள்ளையைப் பிடிக்கும் முறை சரியில்லாமல் இருக்கலாம். பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாக இருக்கலாம். வாயில் வெள்ளைப் பூஞ்சை வந்திருக்கலாம். குறைமாதப் பிள்ளையாக இருக்கலாம். மேலண்ணத்தில் பிளவு இருக்கலாம். ஆகவே முதல் சிகிச்சை கத்தரி அல்ல, பால் கொடுக்கும் முறையைச் சரிசெய்வதுதான். பால் கொடுப்பதில் பயிற்சி பெற்ற செவிலியர் ஒருவர் ஒரு முழு வேளை அருகில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பிள்ளையின் வயிறு உம்மாவின் வயிற்றோடு ஒட்டி, வாய் அகலத் திறந்து, மோவாய் மார்பில் பதிந்து பிடிக்கிறதா என்று பார்த்துத் திருத்தினாலே பல வீடுகளில் வலி நின்றுவிடும்.

மருத்துவர் எப்படிக் கண்டறிகிறார்?

நல்ல பரிசோதனை என்பது டார்ச் அடித்து ஒரு நொடி பார்ப்பதல்ல. மருத்துவர் கையுறை போட்டு, விரலைப் பிள்ளையின் வாயில் வைத்துச் சப்பச் செய்து பார்ப்பார். நாக்கடியைத் தடவிப் பார்ப்பார். மேலண்ணத்தையும் பார்ப்பார். பால் கொடுப்பதையும் பார்ப்பார்.

இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் உருவான எளிய அளவுகோல் ஒன்று 2015-ல் வெளியாகி இன்று பல நாடுகளில் பயன்படுகிறது. அதில் நான்கே கேள்விகள்:

1. நாக்கின் நுனி எப்படி இருக்கிறது? உருண்டையாகவா, சற்றுப் பிளந்தா, இதய வடிவத்திலா?
2. சவ்வு கீழே எங்கே ஒட்டியிருக்கிறது? ஈறின் மேல் விளிம்பிலா, ஈறின் உள்பக்கத்திலா, வாயின் தரையிலா?
3. அழும்போது வாய் திறந்திருக்கையில் நாக்கு எவ்வளவு உயர்கிறது?
4. நாக்கு எவ்வளவு வெளியே நீள்கிறது? கீழ் உதட்டைத் தாண்டுகிறதா, ஈறோடு நின்றுவிடுகிறதா?

ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண், மொத்தம் 8. மூன்றோ அதற்குக் கீழோ வந்தால் நாக்கின் அசைவு மிகவும் குறைந்திருக்கிறது என்று பொருள். இந்த எண்ணையும் பால் குடிப்பதில் உள்ள சிரமத்தையும் சேர்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

'வெளியே தெரியாது, உள்ளே ஒட்டியிருக்கிறது' என்றும் சிலர் சொல்வதுண்டு. இந்த 'பின் ஒட்டு' எது என்பதில் மருத்துவர்களிடையே ஒத்த கருத்து இல்லை. மேலுதட்டு ஒட்டு, கன்னத்து ஒட்டு என்றும் சொல்லி மூன்று இடங்களில் வெட்டச் சொன்னால் நிதானியுங்கள். கன்னத்தில் உள்ள சவ்வை வெட்டக் கூடாது என்று அமெரிக்கக் காது மூக்கு தொண்டை மருத்துவர்களின் 2020-ஆம் ஆண்டுக் கருத்தறிக்கை கூறுகிறது. இப்படிச் சொல்லப்பட்டால் இன்னொரு மருத்துவரிடமும் காட்டுவது நல்லது.

வெட்டினால் பலன் உண்டா?

உண்டு, ஆனால் எதில், எவ்வளவு என்று தெரிந்துகொள்ள வேண்டும். 2017-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஐந்து சோதனைகளில் இருந்த 302 குழந்தைகளின் முடிவுகளைச் சேர்த்துப் பார்த்தது. சவ்வை விடுவித்ததும் தாயின் காம்பு வலி சில நாட்களில் குறைந்தது. பிள்ளை பால் குடிப்பது மேம்பட்டதா என்பதில் எல்லா ஆய்வுகளும் ஒரே பதிலைத் தரவில்லை.

அதன்பின் இங்கிலாந்தில் ஒரு பெரிய சோதனை தொடங்கினார்கள். ஒரு பிரிவுக்குப் பால் கொடுக்கும் பயிற்சியோடு அறுவையும், மறு பிரிவுக்குப் பயிற்சி மட்டும். 169 குழந்தைகளோடு அது பாதியில் நின்றது. மூன்றாம் மாதத்தில் அறுவைப் பிரிவில் 88 சதவீதம் பேரும், பயிற்சி மட்டும் பெற்ற பிரிவில் 86 சதவீதம் பேரும் தாய்ப்பால் குடித்தார்கள். பயிற்சி மட்டும் என்று தொடங்கிய பிரிவிலும் பலர் பிறகு அறுவை செய்துகொண்டதால், இதை வைத்து "பலனே இல்லை" என்று சொல்லிவிட முடியாது. எனினும் அறுவை செய்த பிள்ளைகளில் மூவருக்கு இரத்தப்போக்கு, உமிழ்நீர்க் குழாயில் காயம் போன்ற பாதிப்புகள் வந்தன. சிறிய அறுவைதான், ஆனால் ஆபத்தே இல்லாதது அல்ல.

ஆகவே நியாயமான முடிவு இது: நாக்கின் அசைவு தெளிவாகக் குறைந்திருக்க வேண்டும், பால் குடிப்பதில் சிரமமோ தாயின் வலியோ இருக்க வேண்டும், முறையான உதவி கொடுத்தும் அது தீராமல் இருக்க வேண்டும். மூன்றும் இருந்தால் சவ்வை விடுவிக்கலாம், தாமதிக்கவும் வேண்டாம். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் பொறுக்கலாம். "பின்னால் பேச்சு வராமல் போய்விடும்" என்ற பயத்துக்காக மட்டும் நன்றாகப் பால் குடிக்கும் பிள்ளைக்கு வெட்டுவதற்கு உறுதியான ஆதாரம் இல்லை.

பேச்சு வராத பிள்ளைக்கு முதலில் காதைப் பாருங்கள்

இந்தப் பாடத்தில் மறக்கக் கூடாத பகுதி இதுதான். இரண்டு வயதாகியும் பேசாத பிள்ளையை "நாக்கு ஒட்டியிருக்கு" என்று தூக்கிக்கொண்டு போவார்கள். நாக்கு ஒட்டியிருந்தால் சில எழுத்துகளின் உச்சரிப்பு குழறலாம். பேச்சே வராமல் போகாது. ஒரு வயதில் ஒன்றிரண்டு சொற்கள், இரண்டு வயதில் 'உம்மா வா' என்பது போல இரண்டு சொல் சேர்த்துப் பேசுவது, நான்கு வயதில் வெளியாட்களுக்கும் ஏறக்குறைய எல்லாமே புரியும் பேச்சு என்பது வழக்கமான வளர்ச்சி. இதில் பின்தங்கினால் முதல் பரிசோதனை காது கேட்கிறதா என்பதே. அடுத்தது ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடுகள்.

நெருங்கிய சொந்தத்தில் திருமணம் செய்யும் குடும்பங்களில் பிறவிச் செவிட்டுத்தன்மைக்கான வாய்ப்பு கூடுதல். நம் பகுதியில் அத்தகைய திருமணங்கள் உண்டு என்பதால் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது. காது கேளாத பிள்ளைக்குத் தமிழக அரசின் முதலமைச்சர் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் கருவி பொருத்த வழி இருக்கிறது. ஆனால் அது ஆறு வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு. எவ்வளவு சீக்கிரம் பொருத்துகிறோமோ அவ்வளவு நல்ல பேச்சு வரும். நாக்கை வெட்டிவிட்டு, "இனி வந்துவிடும்" என்று ஒரு வருடம் காத்திருப்பது அந்தப் பிள்ளையின் பொன்னான காலத்தைத் தொலைப்பதாகும்.

திக்குவாய்க்கும் நாக்கு ஒட்டுக்கும் தொடர்பில்லை. அதற்குப் பேச்சுப் பயிற்சிதான் வழி.

உச்சரிப்புக் குழறல்: எது குறை, எது ஊர் வழக்கு?

தமிழில் ட, ண, ள, ழ எழுத்துகளுக்கு நாக்கின் நுனி மேலே வளைய வேண்டும். ல, ர, ற, ன ஆகியவற்றுக்கு நுனி மேல் ஈறு வரை உயர வேண்டும். நாக்கு உண்மையிலேயே கட்டியிருந்தால் சிரமம் இங்கேதான் தெரியும். ஆனால் 'வாழைப்பழம்' என்பதை 'வாளப்பளம்' என்று சொல்வது தென்மாவட்டப் பேச்சு வழக்கு. வாப்பாவும் உம்மாவும் அப்படித்தான் பேசுகிறார்கள் என்றால் பிள்ளையும் அப்படித்தான் பேசும். அதற்கு அறுவை கிடையாது. ழ, ற போன்ற ஒலிகள் பிள்ளைகளுக்குக் கடைசியாகத்தான் கைவரும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மக்தபில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாத்களும் ஆலிமாக்களும் இதில் நல்ல உதவி செய்ய முடியும். ஒவ்வோர் எழுத்தும் எந்த இடத்திலிருந்து பிறக்கிறது என்று பார்த்துச் சொல்லிக்கொடுப்பவர்கள் அவர்கள்தாம். ஒரு பிள்ளை நாக்கை வெளியே நீட்டினால் நுனி பிளந்து இதயம் போலத் தெரிகிறதா, மேல் உதட்டை நாக்கால் தொட முடிகிறதா, பலமுறை காட்டிக்கொடுத்தும் குறிப்பிட்ட எழுத்துகள் மட்டும் வரவில்லையா என்று கவனித்துப் பெற்றோரிடம் தனியாகச் சொல்லுங்கள். வகுப்பில் மற்றப் பிள்ளைகள் முன்னால் சொல்ல வேண்டாம். நாவின் முடிச்சை அவிழ்க்கும்படி மூஸா நபி (அலை) அவர்கள் கேட்ட துஆ தாஹா சூராவில் இருப்பதை மக்தப் பிள்ளைகள் அறிவார்கள். தம் சகோதரர் ஹாரூன் (அலை) அவர்களைத் துணையாகத் தரும்படியும் அவர்கள் கேட்டார்கள். பேச்சில் சிரமம் உள்ள பிள்ளைக்குத் துணை தேவை, கேலி அல்ல.

இப்படிப்பட்ட பிள்ளையை நான்கு வயதுக்கு மேல் பேச்சுப் பயிற்சியாளரிடம் காட்ட வேண்டும். பயிற்சி கொடுத்தும் நுனி உயரவில்லை, சவ்வுதான் தடுக்கிறது என்று அவர் சொன்னால் அறுவையைப் பற்றி யோசிக்கலாம். செய்த பிறகும் பயிற்சி தொடர வேண்டும். பழகிப்போன உச்சரிப்பு, சவ்வு விடுபட்டதும் தானாக மாறாது.

அறுவை எப்படி நடக்கும்?

சில வாரக் குழந்தைக்கு மயக்க மருந்து பொதுவாகத் தேவைப்படாது. பிள்ளையைத் துணியில் சுற்றிப் பிடித்துக்கொண்டு, நாக்கை உயர்த்தி, மெல்லிய சவ்வைக் கிருமி நீக்கிய கத்தரியால் விடுவிப்பார்கள். சில நொடி வேலை. உடனே உம்மா பால் கொடுக்கலாம். அதுவே இரத்தத்தை நிறுத்தும், வலியையும் ஆற்றும். நாக்கடியில் சில நாட்கள் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ ஒரு தழும்பு தெரியும். அது சீழ் அல்ல. லேசர் கத்தரியைவிடச் சிறந்தது என்று நிரூபணமாகவில்லை. செலவு மட்டும் கூடும். அறுவைக்குப் பின் புண்ணை விரலால் தேய்த்து நீட்டும் பயிற்சியையும் மேற்சொன்ன 2024 அறிக்கை பரிந்துரைக்கவில்லை.

வளர்ந்த பிள்ளைக்கு முழு மயக்கம் கொடுத்து, சில சமயம் தையலும் போட வேண்டியிருக்கும். ஆகவே அதற்கான காரணமும் உறுதியாக இருக்க வேண்டும்.

அறுவைக்கு முன் மருத்துவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்ல வேண்டிய செய்தி ஒன்று உண்டு. பிள்ளையின் காக்காவுக்கோ, மாமாவுக்கோ சுன்னத் செய்தபோது இரத்தம் நிற்காமல் போனதா? பல் பிடுங்கியபோது அப்படி நடந்ததா? இருந்தால் அது ஹீமோஃபிலியா போன்ற இரத்தம் உறையாத நோயாக இருக்கலாம். ஹீமோஃபிலியா தாய் வழியாக ஆண் பிள்ளைகளுக்கு வருவது. பிறந்ததும் போடும் வைட்டமின் கே ஊசி போடப்பட்டதா என்பதையும் சொல்லுங்கள். ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் குர்துபா நகரில் வாழ்ந்த அறுவை மருத்துவர் அபுல் காசிம் அல்-ஸஹ்ராவி, நாக்கடிச் சவ்வை வெட்டும் முறையைத் தம் 'தஸ்ரீஃப்' நூலில் எழுதியபோதே இரத்தப்போக்கைப் பற்றி எச்சரித்திருக்கிறார். ஒரு குடும்பத்து ஆண்களிடம் தொடர்ந்து வந்த இரத்தப்போக்கு நோயையும் அவர் பதிவு செய்திருக்கிறார்.

செய்யவே கூடாதவை

• நகத்தால் கிள்ளிவிடுவது, பிளேடால் கீறுவது. நாக்கின் அடியில் இரத்தக் குழாய்களும் நரம்பும் உமிழ்நீர்க் குழாய்களும் இருக்கின்றன.
• பேச்சு வர வேண்டுமென்று வசம்பை நாக்கில் தேய்ப்பது, துணியால் நாக்கை அழுத்தி வழிப்பது.
• ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது.
• பால் குடிக்கவில்லை என்றதும் யாரையும் கேட்காமல் புட்டிப்பாலுக்கு மாறுவது.

சம்மதம்: கையெழுத்துக்கு முன் கேளுங்கள்

2024 மே 16 அன்று கோழிக்கோடு அரசு மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த தாய் சேய் மருத்துவமனையில், கையில் இருந்த ஆறாவது விரலை அகற்றுவதற்காகச் சேர்க்கப்பட்ட நான்கு வயதுச் சிறுமிக்கு நாக்கில் அறுவை செய்துவிட்டார்கள். வெளியே கொண்டுவந்தபோது வாயில் பஞ்சு இருந்ததைப் பார்த்துத்தான் குடும்பத்தாருக்கு விஷயம் தெரிந்தது. நாக்கு ஒட்டியிருந்ததைக் கண்டதால் செய்ததாக மருத்துவர் தரப்பில் விளக்கம் சொல்லப்பட்டது. பிள்ளைக்கு நாக்கில் எந்தப் பிரச்சினையும் இருந்ததில்லை என்றார்கள் பெற்றோர். மருத்துவர் பணி இடைநீக்கம் செய்யப்பட்டார்.

இதைச் சொல்வது மருத்துவர்கள் மீது சந்தேகம் வளர்ப்பதற்காக அல்ல. சவ்வு கண்ணில் பட்டது என்பது வெட்டுவதற்குப் போதுமான காரணம் ஆகாது என்பதற்கும், பெற்றோர் அறிந்து சம்மதிப்பது எவ்வளவு முக்கியம் என்பதற்கும் இது எடுத்துக்காட்டு. கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. பிள்ளையின் எந்தச் சிரமத்துக்காக இதைச் செய்கிறோம்?
2. செய்யாமல் இரண்டு வாரம் பார்த்தால் என்ன ஆகும்?
3. மயக்கம் கொடுப்பீர்களா?
4. இரத்தம் நிற்காவிட்டால் இங்கேயே வசதி இருக்கிறதா?
5. சரியாயிற்று என்பதை எதை வைத்து, எப்போது பார்ப்போம்?

எங்கே போவது?

முதலில் அருகிலுள்ள ஆரம்ப சுகாதார நிலையம் அல்லது அரசு மருத்துவமனையில் எடை பார்த்து, பால் கொடுக்கும் முறையைக் காட்டிக்கொள்ளுங்கள். தேவையென்றால் தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் குழந்தைகள் பிரிவையும் காது மூக்கு தொண்டைப் பிரிவையும் அணுகலாம். பாளையங்கோட்டையில் உள்ள திருநெல்வேலி மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் நமக்கு எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2013 முதல் நடந்துவரும் தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் பிறந்தது முதல் 18 வயது வரை பரிசோதனை இலவசம். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் செவித்திறன், பேச்சு பற்றிய சந்தேகத்தைச் சொன்னால் மேல் பரிசோதனைக்கு அனுப்புவார்கள். பொதுவான சந்தேகங்களுக்கு 104 என்ற அரசு எண்ணில் கேட்கலாம்.

பிறந்து சில நாளான பிள்ளை பாலே குடிக்காமல் சோர்ந்து கிடந்தாலோ, சிறுநீர் மிகவும் குறைந்தாலோ, அறுவைக்குப் பின் இரத்தம் நிற்காமல் வந்தாலோ இந்தப் பாடத்தை எடுத்துப் படித்துக்கொண்டிருக்க வேண்டாம். நேரே மருத்துவமனைக்குப் போங்கள்.

நினைவில் நிறுத்த

பால் குடிக்கும் பிள்ளைக்கு எடையைப் பாருங்கள். பேசாத பிள்ளைக்குக் காதைப் பாருங்கள். பேசியும் குழறும் பிள்ளைக்கு நான்கு வயதில் பேச்சுப் பயிற்சியாளரைப் பாருங்கள். இவற்றுக்குப் பிறகும் சவ்வுதான் தடை என்று தெரிந்தால், தகுதியுள்ள மருத்துவரிடம் பயமில்லாமல் செய்துகொள்ளுங்கள். இந்தப் பக்கத்தை, வீட்டில் பேறு காத்திருக்கும் பெண்ணுக்கும், வெளிநாட்டில் இருக்கும் அவர் கணவருக்கும் படிக்கக் கொடுங்கள்.